பாலைவனத்தில் விருந்தாளிகள்

நமது இலக்கணக்காரர்கள் நிலத்தை நான்காகப் பிரித்தார்கள். குறிஞ்சிக்கு மலை, முல்லைக்குக் காடு, மருதத்துக்கு வயல், நெய்தலுக்குக் கடற்கரை. பாலைக்கு மட்டும் தனியாக நிலம் ஒதுக்கவில்லை. மழை பொய்த்துக் குறிஞ்சியும் முல்லையும் வறண்டு திரிந்தால், அதுவே பாலை என்று வைத்தார்கள். தமிழ்நாட்டைப் பொறுத்த வரையில் இந்த ஏற்பாடு சரியானதே. ஆனால் இதன் பயனாக நம்மவர் மனத்தில் ஓர் எண்ணம் ஊன்றிவிட்டது. பாலை என்றால் ஒன்றும் இல்லாத இடம் என்று நினைக்கிறோம். ஒன்றும் இல்லாத இடத்தில் நாம் கெடுப்பதற்கு என்ன இருக்கிறது என்றும் உடனே நினைத்து விடுகிறோம்.

நாமும் அப்படியே நினைத்திருந்தோம். 2024-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் ஒரே ஓர் இரவு அந்த எண்ணத்தை அடியோடு மாற்றியது. அதைப் பற்றியே இவ்வாரம் எழுதப் போகிறோம்.

பாலைவனத்தில் கூடாரம் அடிப்பதைப் பற்றித் தமிழ்க் குடும்பங்களுக்கு என்ன கவலை என்று நேயர்கள் கேட்கலாம். வளைகுடா நாடுகளில் பிள்ளையோ பெண்ணோ இல்லாத தெரு இன்று நம் ஊர்களில் அபூர்வம். குளிர்கால விடுமுறையில் பெற்றோரும் உற்றாரும் ஆகாய விமானம் ஏறிப் போய்ப் பார்த்து வருகிறார்கள். போனவர்களை அங்குள்ளவர்கள் முதலில் உயரமான கட்டடங்களுக்கு அழைத்துப் போகிறார்கள். அடுத்தபடியாகப் பாலைவனத்துக்கு அழைத்துப் போகிறார்கள். அக்டோபர் முதல் மார்ச் வரையில் வாரந்தோறும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் மணலில் இரவைக் கழிக்கின்றன. அவற்றுள் நம்மவர் குடும்பங்களும் பல.

நம் தங்கையின் குடும்பம் பதினைந்து வருஷ காலமாக ஷார்ஜாவில் இருக்கிறது. அரையாண்டுப் பரீட்சை விடுமுறையில் நாமும் நம் இல்லத்தரசியும் அங்கே சென்றிருந்தோம். வந்த மூன்றாம் நாளே நம் மைத்துனர் பிரயாணத்துக்கு ஏற்பாடு செய்துவிட்டார். அவருடைய நண்பரான ஒரு மலையாளியின் குடும்பமும் சேர்ந்துகொண்டது. பெரியவரும் சிறியவருமாகப் பத்துப் பேர். இரண்டு மோட்டார் வண்டிகள்.

"ஒரே வண்டியில் போனால் என்ன?" என்று கேட்டோம்.

"ஒரு வண்டி மணலில் புதைந்தால் இழுப்பதற்கு இன்னொரு வண்டி வேண்டாமா, மச்சான்? இங்கே தனி வண்டியில் யாரும் மணலுக்குள் இறங்கக் கூடாது," என்றார் மைத்துனர்.

அது மட்டும் அன்று. எங்கே தங்குகிறோம், எப்போது திரும்புவோம் என்பதை அடுத்த வீட்டுக்காரரிடம் எழுதிக் கொடுத்தார். மண்வெட்டி, இழுப்புக் கயிறு, சக்கரத்தின் கீழே போடும் பலகைகள், காற்றடிக்கும் யந்திரம் எல்லாவற்றையும் ஏற்றினார். கடைசியில் இருபது லிட்டர் தண்ணீர்க் கேன்களை ஒவ்வொன்றாகத் தூக்கி வைத்தார். ஆளுக்கு நாளொன்றுக்கு ஐந்து லிட்டர். அதைப் போல் இன்னொரு பங்கு. ஆக 100 லிட்டர்.

"ஓர் இரவுக்கா இவ்வளவு? காவிரியையே ஏற்றிக்கொண்டு போகிறீர்களே!" என்று நாம் பரிகாசம் செய்தோம். அந்தப் பரிகாசத்தை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. காரணம் பின்னால் வரும்.

தார்ச் சாலை முடிந்த இடத்தில் வண்டிகளை நிறுத்தினார்கள். சாலையில் ஓடும்போது டயரில் சதுர அங்குலத்துக்கு 35 பவுண்டு அளவில் காற்றின் அழுத்தம் இருக்கும். மணலில் இறங்குமுன் அதை 15 அல்லது 18 பவுண்டுக்குக் குறைக்கிறார்கள். காற்றுக் குறைந்த டயர் ஒட்டகத்தின் பாதம் போல் பரந்து மணல்மேல் மிதக்கிறது; தரையையும் அதிகம் கிளறுவதில்லை. திரும்பிச் சாலை ஏறுமுன் மறுபடியும் காற்றடிக்காவிட்டால் டயர் சூடேறி வெடிக்கும் அபாயம் உண்டு.

அங்கிருந்து சிறிது தூரம் மணல் இல்லை; பொடிச் சரளை பரவிய சமவெளியே இருந்தது. நம் மருமகன், பதினான்கு வயதுப் பையன், "அப்பா, அந்தப் பக்கம் குறுக்கே போனால் சீக்கிரம் போகலாமே!" என்றான். மைத்துனர் கேட்கவில்லை. முன்னே போன வண்டிகளின் தடத்திலேயே மெதுவாக ஓட்டினார்.

மணல் மேட்டில் பதியும் தடத்தைக் காற்று ஓரிரு நாளில் அழித்துவிடும். சரளைத் தரையின் சங்கதி வேறு. நெடுங்காலமாகக் காற்றும் மழையும் மெல்லிய புழுதியைக் கொண்டு போக, மேலே எஞ்சிய கற்கள் ஒன்றோடொன்று நெருங்கிக் கவசம் போல் அமைந்திருக்கின்றன. அந்தக் கவசம் ஒரு முறை உடைந்தால் அடியிலுள்ள புழுதி பறக்கத் தொடங்குகிறது. விதைகளும் அதனுடன் போய்விடுகின்றன. தடமோ அப்படியே இருக்கிறது. அமெரிக்காவில் மொஹாவி என்ற பாலைவனத்தில், இரண்டாம் உலக யுத்தத்தின்போது 1942 முதல் 1944 வரையில் ஜெனரல் பாட்டன் ஏற்படுத்திய பயிற்சி முகாம்கள் இருந்தன. அங்கே டாங்கிகள் ஓடிய தடங்களை எண்பது வருஷத்துக்குப் பிறகு இன்றும் காணலாம். யுத்தத்தில் கலந்துகொண்டவர்களில் பெரும்பாலோர் மறைந்துவிட்டார்கள். அவர்கள் வண்டி ஓட்டிய கோடு மறையவில்லை. ஆகையால் பழைய தடம் இருக்கும்போது புதுத் தடம் போடக்கூடாது என்பது இதில் முதல் விதி.

ஃபாயா மலைத்தொடர் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், கூடாரம் அடிக்க அனுமதியுள்ள ஓர் இடத்தில் இறங்கினோம். அந்த மலை அடிவாரத்தில் ஆராய்ச்சியாளர்கள் தோண்டி எடுத்த கல்லாயுதங்கள் சுமார் 1,25,000 ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று 2011-ஆம் ஆண்டு வெளியாயிற்று. 2025-ஆம் ஆண்டு அவ்விடத்தை உலக மரபுச் சின்னங்களில் ஒன்றாக யுனெஸ்கோ ஏற்றுக்கொண்டது. நாம் 'ஒன்றும் இல்லாத இடம்' என்று நினைத்த மண்ணில், நமது சரித்திரம் எதுவும் தொடங்குமுன்னரே மனிதர்கள் அடுப்பு மூட்டியிருக்கிறார்கள்! அங்கே கிடக்கும் சிப்பிக் கல்லையோ கூரான கல்லையோ ஞாபகார்த்தமாகப் பையில் போட்டுக்கொள்வது தவறு என்பது சொல்லாமலே விளங்கும். கல் இருக்கும் இடத்தில் இருந்தால்தான் அது சாட்சி. நம் அலமாரியில் இருந்தால் வெறும் கல்.

இடம் தேர்ந்தெடுப்பதில் மைத்துனர் அரை மணி நேரம் செலவிட்டார். மலையடியில் ஒரு வாய்க்கால் போன்ற பள்ளம், காற்றுக்கு மறைவாகவும் சமதரையாகவும் இருந்தது. நமக்கு அது மிகவும் பிடித்தது. அவரோ அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. அது 'வாதி', அதாவது மழை நீர் ஓடும் வறண்ட ஆறு. மலைமேல் எங்கோ பெய்யும் மழை, நம் தலைக்கு மேல் நட்சத்திரம் மின்னிக்கொண்டிருக்கும்போதே, பெருவெள்ளமாக இறங்கி வந்துவிடும். பாலைவனத்தில் அவ்வளவு மழையா என்று ஐயுறுகிறவர்கள் 2024 ஏப்ரல் 16-ஆம் தேதியை நினைத்துக்கொள்ள வேண்டும். அல் ஐன் பிரதேசத்தில் ஓரிடத்தில் ஒரு நாளுக்குள் 254 மில்லிமீட்டர் மழை கொட்டியது. 1949-இல் கணக்கு வைக்கத் தொடங்கிய பிறகு அந்நாடு கண்டிராத மழை அது. மழைக் காலத்தில் இந்தப் பள்ளங்களின் அருகே கூடுவதற்கு 1,000 திர்ஹாம் அபராதமும், வெள்ளம் ஓடும் பள்ளத்தில் வண்டியை இறக்கினால் 2,000 திர்ஹாமும் வண்டி பறிமுதலும் என்று 2023-ஆம் ஆண்டு சர்க்கார் விதி செய்ததில் ஆச்சரியம் இல்லை.

மணல் மேட்டின் சரிவான பக்கத்து அடிவாரமும் ஆகாது. மேட்டின் மறுபுறத்திலிருந்து ஏறி வரும் வண்டிக்காரனுக்கு உச்சியைத் தாண்டும் வரையில் கீழே இருப்பது தெரியாது. அங்கே ஒரு குடும்பம் பாயை விரித்துப் படுத்திருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அதனால்தான் ஓட்டுகிறவர்கள் உச்சியில் நிதானித்துப் பார்த்தே இறங்க வேண்டும் என்றும், வண்டிமேல் உயரமான கொடி பறக்க வேண்டும் என்றும் வைத்திருக்கிறார்கள். ஒட்டகப் பட்டிகளுக்கும் தண்ணீர்த் தொட்டிகளுக்கும் பக்கத்திலும் தங்கலாகாது. அந்நியர் கூடாரத்தையும் விளக்கையும் கண்டால் பிராணிகள் தாகத்தோடு திரும்பிப் போய்விடும்.

ஒரு வழியாக இடம் அமைந்தது. சற்றுத் தொலைவில் தனியாக ஒரு மரம் நின்றது. கிளைகள் தாழ்ந்து, சிற்றிலைகள் அடர்ந்து, இடையிடையே முள்ளுடன் இருந்தது. அரபியர் அதை 'காஃப்' என்கிறார்கள். 2019-ஆம் ஆண்டைச் சகிப்புத்தன்மை ஆண்டாக அந்நாடு கொண்டாடியபோது இந்த மரத்தையே அதற்குச் சின்னமாக வைத்தது. நாம் கிட்டப் போய் இலையைப் பார்த்ததும் திடுக்கிட்டோம். பள்ளியில் தாவர நூல் போதிப்பவராதலால் நமக்குச் சந்தேகம் எழவில்லை. அது நம் வன்னி மரம்! விருத்தாசலம் கோயிலின் ஸ்தல விருக்ஷம். பாண்டவர்கள் அஞ்ஞாதவாசத்தின்போது ஆயுதங்களை மறைத்து வைத்ததாகப் பாரதக் கதை சொல்லும் மரம். விஜயதசமியன்று நாம் வணங்கும் அந்த வன்னி, அரேபிய மணலில் தண்ணீரைத் தேடிச் சுமார் 30 மீட்டர் ஆழம் வரையில் வேர் விட்டுக்கொண்டு நிற்கிறது. இராஜஸ்தானத்திலே இதே மரத்துக்குக் 'கேஜ்ரி' என்று பெயர். 1730-ஆம் ஆண்டு ஜோத்பூர் அரசரின் ஆட்கள் கேஜ்ரி மரங்களை வெட்ட வந்தபோது, அம்ருதா தேவி என்ற பெண்மணியும் அவரைப் பின்பற்றிய பிஷ்னோய் மக்களுமாக 363 பேர் மரங்களைக் கட்டிக்கொண்டு உயிர் துறந்தார்கள் என்பது நம் தேசத்தின் வரலாறு.

நாம் பார்த்த மரத்தின் தாழ்ந்த கிளைகள் இரண்டு ஒடிபட்டிருந்தன. அடியில் கரி கிடந்தது. முன்னால் வந்த யாரோ ஒரு வேளைக் காபிக்காக ஒடித்திருக்கிறார்கள். நம் மருமகன் கையிலும் ஒரு சிறு கோடரி இருந்தது. காய்ந்த கிளைதானே என்று அவன் வாதாடினான். காய்ந்த கிளையில் பூச்சிகளும் பல்லிகளும் பறவைகளும் குடியிருக்கின்றன. பாலைவனத்தில் ஒரு கிளை முளைக்கப் பல வருஷங்கள் ஆகின்றன என்று அவனுக்குச் சொன்னோம். அம்ருதா தேவியின் கதையையும் சொன்னோம். அவன் பேசாமல் கோடரியை வண்டியில் வைத்துவிட்டான். நமக்கு உள்ளூரப் பெருமைதான். உபாத்தியாயர்களுக்கு இந்தப் பெருமை அடிக்கடி வரும், நெடுநேரம் நிலைப்பதில்லை.

கடையில் வாங்கி வந்த கரியை, கால் வைத்த இரும்பு அடுப்பில் மூட்டிச் சமையல் நடந்தது. தரையில் மூட்டினால் மணல் கருகிக் கறைபடும் என்பதால் இந்த ஏற்பாடு. சாப்பாடு முடிந்தது. வானத்தில் நட்சத்திரங்கள் நம் ஊரில் காணாத கூட்டமாக வந்து நின்றன. அரை மைல் தூரத்தில் தங்கியிருந்த ஒரு கோஷ்டியினர் ஒலிபெருக்கியில் பாட்டு வைத்திருந்தார்கள். பாலைவனத்தில் சப்தத்தைத் தடுக்க மரமோ சுவரோ கிடையாது. நள்ளிரவு வரையில் அவர்கள் பாட்டை நாமும், ஒட்டகங்களும், பாம்புகளும் கேட்டுக்கொண்டிருந்தோம். அவர்களும் நம்மவர்களே என்பது பாட்டின் பாஷையிலிருந்து தெரிந்தது. அவர்களைக் குறை சொல்ல நமக்கு அப்போது மிகவும் விருப்பமாக இருந்தது. காலையில் அந்த விருப்பம் போய்விட்டது.

இரவு பத்து மணிக்குக் குளிர் அதிகமாயிற்று. கரி அடுப்பைக் கூடாரத்துக்குள் வைத்துக்கொண்டால் கதகதப்பாக இருக்குமே என்று நம் இல்லத்தரசி சொன்னாள். மைத்துனர் அலறிவிட்டார். மூடிய கூடாரத்தில் கரி எரிந்தால் வாசனையற்ற விஷவாயு உண்டாகி, தூங்குகிறவர்கள் தூக்கத்திலேயே இறந்துபோவார்கள். இதை எல்லாக் குடும்பங்களும் நினைவில் வைக்க வேண்டும். அடுப்பை அப்புறப்படுத்தும் பொறுப்பை நாமே ஏற்றுக்கொண்டோம். கரியை மணலில் கொட்டினோம், மேலே ஒரு சாண் உயரத்துக்கு மணலை அள்ளிப் போட்டோம், காலால் சமப்படுத்தினோம். சுத்தமாகவும் அடக்கமாகவும் காரியத்தை முடித்துவிட்டோம் என்ற திருப்தியுடன் போய்ப் படுத்தோம்.

விடியற்காலையில் சூரியோதயம் பார்க்கக் குழந்தைகள் ஓடினார்கள். தங்கையின் சிறு பெண்ணுக்கு ஐந்து வயது. அவள் வெறுங்காலுடன் ஓடினாள். நாம் கரியைப் புதைத்த இடத்தில் அவள் வலது பாதம் அழுந்தியது. அவள் போட்ட கூச்சல் இன்னும் நம் காதில் இருக்கிறது.

ஏழெட்டு மணி நேரம் கழிந்தும் கரி அணையவில்லை. மணல் வெப்பத்தை வெளியே விடாது. போர்வை போல் மூடிக் காப்பாற்றும். மேலே தொட்டுப் பார்த்தால் குளிர்ந்த மணல். ஒரு சாண் கீழே நெருப்பு. புகையும் இல்லை, அடையாளமும் இல்லை. திறந்து கிடக்கும் நெருப்பையாவது குழந்தை பார்த்து ஒதுங்கியிருக்கும். நாமோ அதைக் கண்ணில் படாமல் மூடி வைத்திருந்தோம்.

பற்பசையைப் பூசலாம் என்று எடுத்து வர ஓடியவர் நாமே. மைத்துனர் நம்மைத் தடுத்து, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, தண்ணீர்க் கேனைத் திறந்து பாதத்தின்மேல் ஒழுகவிடச் சொன்னார். இருபது நிமிஷம் நிறுத்தாமல் ஊற்றினோம். பனிக்கட்டி, பற்பசை, மை, வெண்ணெய் ஒன்றும் கூடாது. சாதாரணத் தண்ணீரே மருந்து. பிறகு சுத்தமான துணியால் தளர்வாக மூடி, வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும். நாம் பரிகாசம் செய்த அந்த உபரித் தண்ணீர்தான் அன்று குழந்தையின் காலைக் காப்பாற்றியது. இரண்டு கேன் காலியாயிற்று.

அழுகைச் சப்தம் கேட்டு ஒரு முதியவர் மணல் மேட்டைச் சுற்றி வந்தார். சூடான் தேசத்தவர், பக்கத்துப் பட்டியில் ஒட்டகம் மேய்ப்பவர். தூரத்திலேயே நின்று ஸலாம் சொல்லி, பெண்கள் இருந்த பக்கம் பாராமல், மைத்துனரிடம் அரபியில் விசாரித்தார். குழந்தையின் பாதத்தைப் பார்த்தார். பிறகு மணலைப் பார்த்தார். யார் செய்தது என்று கேட்கவில்லை. "மணல் நெருப்பை மூடும்; அணைக்காது. தண்ணீர் ஊற்றிக் கிளறி, கை வைத்துப் பார்த்து, கரியைக் கையோடு கொண்டு போக வேண்டும். என்னுடைய ஒட்டகக் குட்டிக்கும் ஒரு தடவை இப்படி ஆயிற்று," என்றார். மைத்துனர் நமக்கு மொழிபெயர்த்துச் சொன்னார்.

அதன் பின்பு அவர் தம் அங்கியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து நீட்டினார். முள் செடியில் சிக்கியிருந்ததாம். ஒட்டகம் வாய் வைக்குமுன் எடுத்துவிட்டாராம். பையைப் பார்த்தோம். அதன்மேல் தமிழ் எழுத்து இருந்தது. நாம் நம் ஊரிலிருந்து தங்கைக்கு முறுக்கு வாங்கி வந்த பை! இரவில் சாப்பிட்டுவிட்டு, மணலில் வைத்து, மேலே ஒரு செருப்பை வைத்திருந்தோம். காற்று செருப்பை விட்டுவிட்டுப் பையை மட்டும் கொண்டு போயிருக்கிறது. அந்த முதியவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாதது நம் அதிர்ஷ்டம் என்று முதலில் தோன்றியது. ஆனால் பத்துப் பேர் தவிர வேறு யாரும் இல்லாத இடத்தில் பை யாருடையது என்று அறிய எழுத்தறிவு வேண்டியதில்லை.

உப்பும் எண்ணெயும் ஒட்டிய பையை ஒட்டகம் தீனி என்று எண்ணித் தின்கிறது. பை செரிப்பதில்லை, வெளியேறுவதும் இல்லை. ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து வயிற்றில் கல் போல் உருண்டு விடுகிறது. வயிறு நிறைந்தாற்போல் தோன்றுவதால் பிராணி தீனி எடுக்காமல் மெலிந்து சாகிறது. துபாயிலுள்ள மத்திய கால்நடை ஆராய்ச்சிச் சாலையினர், 2008 முதல் தாம் பரிசோதித்த சுமார் 30,000 ஒட்டகங்களில் 300 இப்படி இறந்தவை என்று 2021-இல் வெளியான ஆராய்ச்சியில் தெரிவித்தார்கள். வயிற்றிலிருந்து எடுத்த உருண்டைகள் 3 கிலோ முதல் 64 கிலோ வரையில் இருந்தனவாம். 64 கிலோ என்பது வளர்ந்த ஒரு மனிதனின் எடை. அந்த ஒட்டகங்களில் ஒன்றேனும் சொந்தக்காரர் இல்லாதது அன்று. அலைந்து திரிவதைக் கண்டு காட்டு மிருகம் என்று நினைப்பது நம் தவறு.

முதியவர் தாம் கொண்டு வந்த குடுவையிலிருந்து நம் எல்லோருக்கும் சிறு கிண்ணத்தில் காபி ஊற்றினார். வலக் கையால் வாங்க வேண்டும். போதும் என்றால் கிண்ணத்தை லேசாக அசைத்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அவர் வாசலில் நாம் அழையாமல் வந்து தங்கி, குப்பையும் நெருப்பும் வைத்திருந்தோம். அவர் நமக்கு உபசாரம் செய்துவிட்டுப் போனார். விருந்தோம்பலைப் பற்றி இருபது வருஷமாக வகுப்பில் பாடம் சொல்லி வருகிற நாம், விருந்தாளியின் கடமை என்ன என்று மாணவர்களுக்கு ஒரு நாளும் சொன்னதில்லை என்பது அப்போது நினைவுக்கு வந்தது.

மைத்துனர் குழந்தையையும் தங்கையையும் வைத்தியரிடம் அழைத்துக்கொண்டு, நண்பரின் வண்டி பின்தொடரச் சாலை வரையில் சென்றார். நண்பர் திரும்பி வரும் வரையில், நாம் இடத்தைச் சுத்தம் செய்யத் தொடங்கினோம். புதைத்த கரியைத் தோண்டித் தண்ணீர் ஊற்றி அணைத்து, தகரப் பெட்டியில் போட்டுக் கொண்டோம். பையனும் நாமும் கூடாரத்திலிருந்து ஐம்பது அடி சுற்றளவில் குனிந்துகொண்டே நடந்தோம். ஆரஞ்சுத் தோல், பாட்டில் மூடி, பிஸ்கோத்துத் தாள், தீக்குச்சி. வறண்ட மணலில் ஆரஞ்சுத் தோல் கூட மக்குவதில்லை. காய்ந்து அப்படியே கிடக்கும். நமக்கு முன்னால் வந்தவர்கள் விட்ட குப்பையையும் பொறுக்கினோம். மூன்று பை நிறைந்தது. அவற்றில் நம்முடையது ஒன்று.

சொல்லக் கூசும் விஷயம் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். காலைக் கடனுக்குத் தண்ணீர் இருக்கும் இடங்களிலிருந்தும் வழிகளிலிருந்தும் குறைந்தது 60 மீட்டர் விலகிப் போய், 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழம் குழி தோண்டி, பிறகு மூடிவிட வேண்டும். தாளோ குழந்தைகளின் அணைதுணியோ குழியில் போகலாகாது. அவற்றைக் கட்டி எடுத்துக்கொண்டே வர வேண்டும். காற்று மணலை வாரும்போது புதைத்ததெல்லாம் வெளியே வந்து அடுத்த குடும்பத்தை வரவேற்கும். தரையில் காணும் சிறு வளைகளைப் பையன்கள் குச்சியால் குடையக் கூடாது. உள்ளே முள்வால் உடும்பு போன்ற சாது இருக்கலாம். சுருட்டை விரியனும் இருக்கலாம். இருவருக்கும் அது வீடு. காலையில் செருப்பைத் தட்டிப் பார்த்து அணிவதும் இதனாலேயே.

அந்தத் தேசத்தார் இந்த நிலத்தை அருமையாகவே மதிக்கிறார்கள். துபாய் நிலப்பரப்பில் இருபதில் ஒரு பங்கு அளவான 225 சதுர கிலோமீட்டர் பாலைவனத்தை வேலியிட்டுக் காப்பிடமாக வைத்திருக்கிறார்கள். அனுமதி பெற்ற வண்டிகளே உள்ளே போகலாம். அங்கே 'ஓரிக்ஸ்' என்ற வெண்ணிற மான் மந்தையாக உலவுகிறது. 1972-ஆம் ஆண்டு ஓமானில் வேட்டைக்காரர்கள் கடைசி ஓரிக்ஸைக் கொன்றதோடு அந்த இனம் காடுகளில் அற்றுப்போயிற்று. மிருகக்காட்சிச் சாலைகளில் எஞ்சியிருந்தவற்றைப் பெருக்கி, 1982 முதல் மறுபடியும் பாலைவனத்தில் விட்டார்கள். அதை அழித்த வேட்டைக்காரர்களுக்கும் மோட்டார் வண்டிதான் உதவியது. வண்டி ஒன்றே, ஓட்டுகிறவரின் புத்தியைப் பொறுத்தது மற்றதெல்லாம்.

குழந்தையின் பாதம் மூன்று வாரத்தில் ஆறிவிட்டது. சிறிய வடு ஒன்று இருக்கிறது. தங்கை நம்மை ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. "தெரியாமல் நடந்ததுதானே, அண்ணா," என்று மட்டும் சொன்னாள். தெரியாமல் நடந்தது உண்மை. பத்து வயதுப் பிள்ளைக்குத் தெரியாது என்றால் மன்னிக்கலாம். பட்டம் பெற்று, பள்ளியில் தாவர நூல் போதித்து, அன்று மாலையில்தான் மரத்தின் பெருமையைப் பற்றி உபந்நியாசம் செய்த ஆசாமிக்கு அது சமாதானமாகாது. ஆகையால்தான் வெட்கத்தை விட்டு இதை எழுதுகிறோம்.

இந்தக் குளிர்காலத்தில் அக்கரைச் சீமைக்குப் போகும் நேயர்கள் ஒன்று செய்ய வேண்டும். பிள்ளையோ மாப்பிள்ளையோ மணலுக்கு அழைத்தால், என்ன சாப்பாடு எடுத்துப் போகிறோம் என்று கேட்குமுன், எத்தனை லிட்டர் தண்ணீர், எத்தனை குப்பைப் பை, கரியை அணைக்க என்ன ஏற்பாடு என்று கேளுங்கள். போகாதவர்களுக்கும் இது பொருந்தும். சென்ற மாதம் நம் வகுப்புப் பிள்ளைகளைக் கடற்கரைக்கு அழைத்துப் போனோம். திரும்புமுன் எல்லோரும் வரிசையாக நின்று ஐம்பது அடி குனிந்து நடந்தார்கள். முறுக்குப் பை ஒன்று மணலில் பாதி புதைந்து கிடந்தது. ஒரு சிறுவன் அதை எடுத்து, உதறி, தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். அது அவனுடையதன்று.